மாண்டோர் அங்கங்களின் மறுவாழ்வு

மண்ணில் தோன்றிய உடல் மண்ணோடு கலந்துவிடும் என்பது எல்லா நாட்டாரும் எல்லாச் சமயத்தாரும் ஒப்புக்கொண்ட உண்மை. அரசனாயினும் ஆண்டியாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை என்று நாம் இளமை முதற் கேட்டு வருகிறோம். ஆயினும் உலக வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு விந்தை புலப்படும். பெயர் பெற்றோர் சிலருடைய உடல், அல்லது அவ்வுடலின் ஓர் உறுப்பு, மண்ணுக்கும் நெருப்புக்கும் தப்பி, அவர்கள் உயிரோடிருந்த காலத்தினும் பன்மடங்கு நீண்ட காலம் நிலைபெற்றிருக்கின்றது. அது கடல் கடந்திருக்கிறது, அரசர்களுக்குள் வழக்கிற்கிடமாயிருக்கிறது, கூடத்துப் பேழையிலும் குடிக்கடை அறையிலும் கிடந்திருக்கிறது. இத்தகைய வரலாறுகளுட் சிலவற்றை எடுத்துரைத்து, அவற்றால் நாம் அறியத்தக்கது யாதெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கடலூர், சிதம்பரப் பகுதியார்க்கு இப்பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். ஏனெனில், உடலை எஞ்ச விடாது மறைதலே பெரியோர்க்கு இலக்கணம் என்பது இப்பகுதியில் வேரூன்றிய கருத்து. மணிவாசகர் தில்லைச் சிற்றம்பலத்திற் கலந்தார் என்பதும், நந்தனார் தீயினின்று வெளிப்பட்டு அம்பலத்துள் மறைந்தார் என்பதும் பழைய வரலாறுகள். இராமலிங்க அடிகள் 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் வடலூரையடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் அறையுட் புகுந்து தாளிட்டுக்கொண்டார் என்பதும், பின்னர் அதனைத் திறந்தபோது அங்கே உடல் காணப்படவில்லை என்பதும் அடியார்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. அங்கே வணங்கப்படுவது அறையேயன்றி எலும்பன்று.

எனினும் தமிழகத்திலேயே இதற்கு மாறான மரபும் உண்டு. இராமாநுசர் 1137-ஆம் ஆண்டில் திருநாடு அலங்கரித்த பின்னர், அவருடைய திருமேனி திருவரங்கக் கோயிலுள் உடையவர் சந்நிதியில் அமர்ந்த நிலையிலேயே காக்கப்பட்டு வருகிறது என்பது வைணவர் கொள்கை. ‘தானான திருமேனி’ என்று அதனை வழங்குவர். ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த குழம்பை அதற்குச் சாத்துவது வழக்கம். ஆகவே மறைதல், நிலைத்தல் என்னும் இரண்டு நெறிகளும் நம்மவர்க்குப் பழக்கமானவையே.

உடல் எவ்வாறு அழியாது நிற்கக் கூடும் என்பதை முதலில் ஆராய்வோம். உயிர் நீங்கியவுடன் உடலின் அணுவறைகளிலுள்ள செரிப்புப் பொருள்கள் அவ்வறைகளையே கரைக்கத் தொடங்குகின்றன. குடலிலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி எங்கும் பரவுகின்றன. இவ்விரண்டு செயல்களுக்கும் நீர் இன்றியமையாதது. ஆதலின் நீரை அகற்றினால் அழிவு தடைப்படும். எகிப்தியர் நேட்ரான் என்னும் உப்பினாற் பிரேதங்களை உலர்த்தியது இதனாலேயே. பிற்காலத்தார் சாராயத்தில் அமிழ்த்தி வைத்தனர். 1893-ஆம் ஆண்டில் பெர்டினாண்டு புளூம் என்னும் செருமானிய அறிஞர், பார்மலின் என்னும் திரவம் தசையைக் கெட்டியாக்கிக் காக்கும் என்று கண்டார். பார்மால்டிஹைடு என்னும் வாயுவை நீரிற் கரைத்தால் பார்மலின் கிடைக்கும். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணித்து நுண்ணுயிர்க்கு உணவாகாதபடி செய்துவிடுகிறது. கடலூரினின்று சிதம்பரம் செல்லும் பெருவழியில், உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்து செல்லும் நம் மாணவர், இரசாயனத் தொழில் என்றவுடன் சாயத்தையும் மருந்தையும் நினைப்பர். அதே இரசாயனக் கலைதான் மாண்டாரின் உடலைக் காக்கவும் பயன்படுகிறது என்பதை நினைவிற் கொள்க.

ஆனால் இரசாயனம் ‘எவ்வாறு’ என்பதற்கே விடை சொல்லும். ‘எதற்காக’ என்பதற்குச் சொல்லாது. மக்கள் பிறர் உடலின் பகுதிகளைப் போற்றி வைத்ததற்குக் காரணங்கள் மூன்றென்று நமக்குத் தோன்றுகிறது. அவை அன்பு, வெற்றிச் செருக்கு, ஆராய்ச்சி வேட்கை என்பன.

அன்பினாற் காக்கப்பட்டதற்குத் தூய பிரான்சிசு சவேரியாரின் உடல் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அவர் 1542-ஆம் ஆண்டில் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் பரதவரிடையே தமிழிற் செபங்களைக் கற்பித்தவராதலின் தமிழர்க்கும் உரியவர். 1552-ஆம் ஆண்டு திசம்பர் 3-ஆம் நாள் சீனக் கடற்கரையை அடுத்த சான்சியன் தீவில் உயிர் நீத்தார். எலும்புகளையாவது பின்னர் எடுத்துச் செல்லலாம் என்னும் எண்ணத்தோடு, தசை விரைந்து அரியப்படும்பொருட்டுப் பெட்டியிற் சுண்ணாம்பை நிரப்பிப் புதைத்தனர். அடுத்த ஆண்டு தோண்டியபோது உடல் வாடாதிருக்கக் கண்டு வியந்து, மலாக்காவுக்கும், 1554-ஆம் ஆண்டில் அங்கிருந்து கோவாவுக்கும் கொண்டு சென்றனர். அடியார்கள் இதனை அற்புதம் என்பர். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி அழிவைத் தாமதப்படுத்துவதும் உண்டு என்பது பிற்காலச் சோதனையாளர் கண்ட செய்தி. இவ்விரண்டனுள் ஒன்றை நிலைநாட்டுவது நம் கருத்தன்று. அவ்வுடல் பின்னர் அடைந்த நிலையே நாம் நோக்கற்பாலது.

கோவாவில் மக்கள் திரண்டு வணங்கிய காலத்தில் ஒரு பெண்மணி பாதத்தை முத்தமிடுவாள் போற் குனிந்து விரலொன்றைக் கடித்தெடுத்தாள் என்பது வழிவழி வந்த செய்தி. 1614-ஆம் ஆண்டில் சேசு சபைத் தலைவரின் கட்டளைப்படி வலக்கையின் முன்பகுதி வெட்டப்பட்டு உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டது. இன்றும் அது அங்குள்ள சேசு ஆலயத்தில் இருக்கின்றது. அதே கையின் மேலெலும்பு மக்காவு நகரில் உள்ளது. உரோமையிலுள்ள கை 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கனடா நாடெங்கும் யாத்திரை சென்றது. வானவூர்தியில் அதற்கெனத் தனி இருக்கை ஒன்று வாங்கப்பட்டதென்றால், அஃது எத்துணை மதிக்கப்பட்டது என்பது விளங்கும். கோவாவிலுள்ள உடலோ ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை பொதுமக்கள் காணும்படி இறக்கி வைக்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் 2025-ஆம் ஆண்டு சனவரி 5 வரை அவ்விழா நிகழ்ந்தது. அன்பு உடலைக் காத்தது உண்மை. அவ்வன்பே அதனைத் துண்டித்ததும் உண்மை.

இவ்வகை அன்பு சமயத்தார்க்கு மாத்திரம் உரியதென்று கருதற்க. கலிலேயோவின் உடலை 1737-ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரத்துப் புதிய கல்லறைக்கு மாற்றியபோது, அவரைப் போற்றிய அறிஞர்களே மூன்று விரல்களையும் ஒரு பல்லையும் முதுகெலும்பின் ஒரு கணுவையும் எடுத்துக்கொண்டனர். வானை நோக்கியவரின் நடுவிரல் இன்று கண்ணாடிக் குடுவையொன்றில் வானை நோக்கி நிற்கின்றது. ஏனைய இரண்டு விரல்களும் பல்லும் நெடுங்காலம் காணாமற்போய், 2009-ஆம் ஆண்டில் ஏலத்தில் வந்த ஒரு பழம்பெட்டியினின்று கிடைத்தன.

இனி, வெற்றிச் செருக்கினால் நிகழ்ந்தவற்றைக் காண்போம். இதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கையே போதும். புத்தர் பெருமானது பல் எனப் போற்றப்படும் சின்னம் எவரிடம் உள்ளதோ அவரே நாடாளும் உரிமையுடையார் என்பது சிங்களவரின் பழைய கொள்கை. 1560-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியப் பிரதிநிதியாகிய கொன்சுதாந்தீனு தெ பிரகான்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்துச் சங்கிலி மன்னனது கருவூலத்தைக் கொள்ளையிட்டபோது ஒரு பல்லைக் கைப்பற்றினான். பெகு நாட்டரசன் அதற்காகப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தான். பணத்தைப் பெறலாமா என்று கோவாவில் ஆலோசனை நடந்தது. முடிவில் பேராயர் அதனை உரலிலிட்டு இடித்துப் பொடியாக்கி, எரித்து, ஆற்றில் எறிந்தார். ஆயினும் மெய்யான பல் அழியவில்லை என்பதே பௌத்தர்களின் நம்பிக்கை. அந்நூற்றாண்டின் இறுதியில் கண்டியரசன் முதலாம் விமலதர்மசூரியன் அதற்குத் தன் தலைநகரிற் கோயில் எடுத்தான். உரலும் நெருப்பும் ஒரு பொருளை அழிக்க இயலும். அதன்மேல் மக்கள் வைத்த பற்றை அழிக்க இயலாது என்பது இதனாற் புலனாகிறது.

கண்டியரசு 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் நாயக்கர் குலத்தினன். சிறைப்பட்டு நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பெற்று 1832-ஆம் ஆண்டில் அங்கேயே மாண்டான். அவன் நீங்கிய பின்னர் ஊவாப் பகுதியில் 1817-ஆம் ஆண்டிற் கலகம் மூண்டது. அதனை அடக்குமாறு ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டவர் கெப்பெட்டிப்பொல திசாவை என்னும் தலைவர். அவரோ கலகக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார். சேருமுன், அரசாங்கத்தார் தமக்குக் கொடுத்த படைக்கலங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார் என்பது அவரது நேர்மைக்குச் சான்று. கலகம் தோல்வியுற, 1818-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கண்டியில் அவர் தலை துணிக்கப்பட்டது. அதற்கு முன் அவர் பற்கோயிலுக்குச் சென்று வணங்கினார். கலங்காது மரணத்தை எதிர்கொண்டார். இச்செய்திகளை எழுதி வைத்தவர் என்றி மார்சல் என்னும் ஆங்கிலப் படை மருத்துவர். கெப்பெட்டிப்பொலவின் பெருமிதத்தை மனமாரப் புகழ்ந்த அம்மருத்துவரே அவருடைய மண்டையோட்டையும் எடுத்துக்கொண்டு சென்றார் என்பதுதான் வியப்பு.

அம்மண்டையோடு எடின்பரோ நகரிலிருந்த கபால சாத்திரச் சங்கத்தாரிடம் சேர்ந்தது. கபால சாத்திரம் என்பது, மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவி ஒருவனுடைய குணங்களைச் சொல்லிவிடலாம் என்று அந்நாளில் ஐரோப்பாவிற் பரவியிருந்த கொள்கை. இன்று அஃது அறிவியல் அன்று என்று முற்றும் தள்ளப்பட்டுவிட்டது. ஆனால் அக்காலத்தில் அச்சங்கத்தார்க்கு வீரனுடைய தலையும் கொலைஞனுடைய தலையும் ஒரே நிரையில் வைத்தற்குரிய மாதிரிகளாயின. நூறாண்டுகளுக்கு மேல் அவ்வாறு கிடந்த தலை, இலங்கை விடுதலை பெற்ற பின்னர்த் தாய்நாட்டிற்கு மீண்டு, 1954-ஆம் ஆண்டில் கண்டியிற் பற்கோயிலை அடுத்துச் சிறப்புடன் அடக்கம் செய்யப்பெற்றது. எந்தக் கோயிலை வணங்கிவிட்டு அவர் கொலைக்களம் சென்றாரோ அதன் அருகிலேயே அவருடைய தலை இளைப்பாறுகிறது.

இதனினும் இரங்கத்தக்கது ஆலம் பேக் என்னும் சிப்பாயின் வரலாறு. 1963-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்டு மாவட்டத்து வால்மர் என்னும் ஊரில், ஒரு குடிக்கடையின் அறையொன்றில் மனித மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதன் கண்குழியிற் செருகியிருந்த தாளில் அதன் வரலாறு எழுதப்பட்டிருந்தது. அவர் வங்காளக் காலாட்படையின் 46-ஆம் பிரிவைச் சேர்ந்தவர். 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் முன்னின்றவர். பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டவர். சியால்கோட்டையில் ஒரு மருத்துவரையும், குருவானவர் அண்டர் என்பாரையும், அவர் மனைவியையும் குழந்தையையும் கொன்றவர் அவரே என்றும் அத்தாள் கூறியது. கிம் வாக்னர் என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அக்கொலைகளைச் செய்தவர் ஆலம் பேக் அல்லர் என்பது அவர் கண்ட முடிவு. தலையை எடுத்தவர் ஒரு குற்றத்தையும் அதன்மேல் எழுதிவிட்டார். தலைக்கு வாயில்லை, ஆதலின் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மறுமொழி சொல்ல ஆளில்லை.

மூன்றாவதாகிய ஆராய்ச்சி வேட்கைக்கு ஐன்சுடைன் அறிஞரின் மூளையே தக்க சான்று. அவர் 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் பிரின்சுடன் நகரிற் காலமானார். தம் உடலை எவரும் வழிபடும் பொருளாக்கிவிடலாகாது என்பது அவர் கருத்து. அதன்படியே உடல் எரிக்கப்பட்டுச் சாம்பலும் தூவப்பட்டது. ஆனால் பிரேதத்தைச் சோதித்த தாமசு ஆர்வி என்னும் மருத்துவர், முன்னனுமதி பெறாமலே மூளையை அகற்றி வைத்துக்கொண்டார்; மகனிடம் பின்னரே இசைவு பெற்றார். அதனைப் பார்மலினில் இட்டு, ஏறத்தாழ 240 துண்டுகளாக்கி, கண்ணாடிச் சாடிகளில் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் தாம் குடிபெயர்ந்த ஊர்களுக்கெல்லாம் கொண்டு திரிந்தார். அத்துண்டுகளை ஆராய்ந்து சிலர் கட்டுரைகள் எழுதினர். ஆயினும் அப்பேரறிவின் இருப்பிடம் இதுவென ஐயந்திரிபறக் காட்டினார் எவருமில்லை. மண்டையைத் தடவிய பழைய சங்கத்தாரும் மூளையை அரிந்த புதிய அறிஞரும் தேடிய பொருள் ஒன்றே. இருவர்க்கும் அஃது அகப்படவில்லை.

எனவே அன்பும் செருக்கும் ஆராய்ச்சியும் வெவ்வேறு வாயில்களாயினும், அவை சென்று சேருமிடம் ஒரே அலமாரியாக இருப்பதைக் காண்கிறோம். அவ்வலமாரியினின்று ஓர் உறுப்பு மீள வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயரைச் சொல்லி அழைப்பார் வேண்டும். ஆராய்ச்சியே இதற்குத் துணையாய் நின்ற ஒரு நிகழ்ச்சியையும் கூறுதல் நேர்மையாகும். சியார்சியா நாட்டு அரசி கெதேவான், தன் சமயத்தைத் துறக்க மறுத்தமையால் 1624-ஆம் ஆண்டில் பாரசீகத்தில் வதைத்துக் கொல்லப்பட்டாள். அகுசுதீன் சபைத் துறவிகள் அவளுடைய எலும்புகளிற் சிலவற்றைக் கோவாவுக்குக் கொணர்ந்து தம் மடத்தில் வைத்தனர். மடம் இடிந்து பாழாயிற்று. தொல்பொருள் துறையார் அப்பாழிடத்தைத் தோண்டி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கையெலும்பைக் கண்டெடுத்தனர். ஐதராபாத்திலுள்ள உயிரணு ஆய்வுக்கூடத்தார் அதன் மரபணுவைச் சோதித்து, இந்தியரிடை காணப்படாத ஒரு வழித்தோன்றலுக்கு உரியதென்றும், அரசியின் எலும்பாதல் கூடும் என்றும் அறிவித்தனர். 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்திய அரசாங்கம் அதனைச் சியார்சியாவுக்கு வழங்கியது. ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து அரசி தன் நாடு சேர்ந்தாள். சாரிபுத்தர், மொக்கல்லானர் என்னும் புத்தரின் மாணாக்கர் இருவருடைய எலும்புகளும் இவ்வாறே மீண்டன. 1851-ஆம் ஆண்டில் சாஞ்சியில் எடுக்கப்பட்டு இலண்டன் அருங்காட்சியகம் சென்றவை, 1952-ஆம் ஆண்டில் சாஞ்சியிலேயே மீண்டும் நிறுவப்பட்டன.

பெயருடையார் மீண்டனர், பெயரில்லார் நிலை என்ன? 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இங்கிலாந்தின் ஏலக்கடை ஒன்றில் நாகர் இனத்தான் ஒருவனுடைய மண்டையோடு விலைப்பட்டியலில் இடம்பெற்றது. நாகாலாந்து முதலமைச்சரும் மக்களும் கண்டனம் எழுப்பவே அது விலக்கப்பட்டது. அம்மனிதனுடைய பெயரை அறிவார் இல்லை. நம் தமிழ்நாட்டிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரீ என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழிகளினின்று எடுத்த மண்டையோடுகள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவர்கள் நம் முன்னோர். அவரைத் தாழியிலிட்டுக் கவித்தோரும் அழுதே கவித்திருப்பர். அறிவின்பொருட்டு அவற்றை ஆராய்தல் தகும். ஆராயும்போது அவை மக்களாய் இருந்தவை என்பதை மறத்தல் தகாது.

முற்கூறிய வரலாறுகளிலெல்லாம் ஒரு குறை பொதுவாய் நிற்பதைக் காணலாம். சவேரியாரைக் கையை வெட்டலாமா என்று கேட்டார் இல்லை. கெப்பெட்டிப்பொலவைத் தலையைத் தருவீரா என்று கேட்டார் இல்லை. ஐன்சுடைன் தெரிவித்த விருப்பத்தையே மதித்தார் இல்லை. அன்புடையாரும் பகைவரும் அறிஞரும் இவ்வொன்றில் ஒத்தே நடந்தனர். இக்காலத்திலோ, தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தாமே எழுதிக் கொடுத்துச் செல்வோர் உளர். சிப்காட்டைக் கடந்து செல்லும் அப்பெருவழியே நம்மைச் சிதம்பரத்திற்கும், அங்கே அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டு சேர்க்கும். அங்கே உடற்கூறு பயிலும் மாணவர் முன் பார்மலின் மணத்தோடு கிடக்கும் உடல்களுள், ஏழையாய்ப் பிறந்து பெயர் அறியப்படாது இறந்தவருடையதும் இருக்கலாம். தாமே மனமுவந்து அளித்தவருடையதும் இருக்கலாம். எடுத்துக்கொள்ளப்பட்ட உடல் வேறு. கொடுக்கப்பட்ட உடல் வேறு. முன்னது வைத்திருப்பார்க்கு ஒரு கடன். பின்னது பெறுவார்க்கு ஒரு கொடை. இரண்டையும் தொடும் கைகள் ஒரே வணக்கத்தோடு தொடுதல் வேண்டும்.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர்களும், அருங்காட்சியகங்களைக் காணச் செல்லும் நம் பழைய மாணவர்களும், கண்ணாடிப் பேழைக்குள் ஓர் எலும்பைக் காணும்போது, ‘இது யாது?’ என்று வினவுவதோடு நில்லாது, ‘இவர் யார்? இவரை இங்கே கொணர்ந்தவர் யார்? இவருக்கு உரியவர் எங்கே?’ என்றும் வினவுவாராக. அவ்வினாக்களால் ஆலம் பேக்கின்மேல் எழுதப்பட்ட பழி துடைக்கப்பட்டது. பேழைகளுள் இன்னும் விடை பெறாதவர் பலர் உளர்.